டிராக்டர் பெட்டியும் பின்விளக்கு பீஸும்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் மதுரை. அந்த ஊரில் டிராக்டர் பெட்டியின் பின்விளக்கு எரியாததைப் பற்றி இதுவரை ஒரு முனைவர் பட்ட ஆய்வும் வரவில்லை என்று வருந்தித்தான் இத்தகைய கட்டுரைகளைத் தொடங்க வேண்டும். வருந்தியாயிற்று.

ஆய்வு எல்லை

வடகிழக்கே மேலூர், வடமேற்கே வாடிப்பட்டி, மேற்கே செக்கானூரணி, தென்மேற்கே திருமங்கலம். கிழக்கே எல்லை வகுக்கவில்லை, டீசல் போதவில்லை.

கருதுகோள்

பீஸ் போயிருக்கிறது.

பெயராய்வு

ஃபியூஸ், ப்யூஸ், பீஸ் என மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. பள்ளிப் புத்தகம் ‘மின் உருகி’ என்னும். கடையில் போய் உருகி கேட்டால், யாரை நினைத்து என்று கேட்பார்கள். ஆய்தம் சேர்த்து ‘ஃப்’ எழுதுவது பிற்கால வழக்கு. ஆகவே ஆய்தமில்லாத ‘பீஸ்’ தொன்மையானது என்று நிறுவலாம். நிறுவிவிட்டேன். நம்மிடையே பலவும் இவ்வாறே நிறுவப்பட்டுள்ளன (பட்டறை அண்ணன், வாய்மொழி).

அகழாய்வு

கீழடி பக்கத்தில் இருப்பதால் எதைத் திறந்தாலும் மண்ணடுக்கு பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. டேஷ்போர்டுக்குக் கீழே பீஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினோம்.

முதல் அடுக்கு: செம்மண், ஒரு சிலந்தி, பாதி பீடி. இது மக்கள் வாழ்ந்ததற்கான சான்று.

இரண்டாம் அடுக்கு: பீஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிவிட்ட செம்புக் கம்பி. உலக வரலாற்றில் இரும்புக்கு முன்னால் வருவது செம்புக் காலம். டிராக்டர் வரலாற்றில் அது கையிருப்பு பீஸ் தீர்ந்தபின் வருகிறது. இக்காலத்து மக்கள் பீஸ் இனி உருகாது என்று மகிழ்ந்தனர். உண்மைதான், ஒயர்தான் உருகும் (மேலது, முதல் டீக்கு முன்).

மூன்றாம் அடுக்கு: சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய பழைய பீஸ். வணிகத் தொடர்புக்குச் சான்று. எந்த நாட்டோடு என்பதை அடுத்த கருத்தரங்கில் சொல்கிறேன், பயணப்படி உண்டு.

நான்காம் அடுக்கு: கம்பெனி வைத்த சிவப்பு பீஸ், நடு இழை அறுந்த நிலையில்.

வண்ணவியல்

சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பச்சை என்றால் போகலாம் என்று பொருள்கொண்டு 30 ஆம்பியரைச் செருகிய உரையாசிரியர்கள் உண்டு. கணக்கு எளிது. பிரேக் பல்பு ஒன்று 21 வாட். டிராக்டரில் இரண்டு, பெட்டியில் இரண்டு; மொத்தம் 84 வாட். பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் 7 ஆம்பியர். அந்தச் சுற்றுக்குச் சிவப்பே போதும்.

ஆய்வு முறை

கண்ணால் பார்த்து முடிவு செய்வது இலக்கிய விமர்சனத்துக்குச் சரி. பீஸுக்கு டெஸ்ட் லாம்பு வேண்டும். அதன் கவ்வியை டிராக்டரின் இரும்பில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, பீஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் பீஸ் நலம். ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் கரண்ட்டே வரவில்லை. தகுதியில்லாதவருக்குச் சங்கப்பலகை இடம் தராது என்பார்கள். டெஸ்ட் லாம்பும் அப்படித்தான், பரிந்துரைக் கடிதம் செல்லாது.

ஆய்வுச் சிக்கல்

புது பீஸ் போட்டோம். பிரேக்கை மிதித்ததும் போனது. இன்னொன்று போட்டோம். அதுவும் போனது. மூன்று சான்றுகள் சேர்ந்ததால் கருதுகோள் மெய்யென அறிவிக்க இருந்தேன். பட்டறை அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“தம்பி, பீஸு செத்தது நமக்குத் தகவல் சொல்ல. நீங்க கொன்னவன விட்டுட்டுச் செத்தவனையே விசாரிக்கிறீக” (மேலது, இரண்டாம் டீ, சீனி குறைத்த பதிப்பு, ஒத்தக்கடைப் பிரதி, டம்ளர் விளிம்பு சிதைந்தது).

கொக்கியில் பெட்டி மாட்டியிருந்த இடத்தில் குனிந்து ஒயரைத் தூக்கிக் காட்டினார். வண்டி திரும்பும்போதெல்லாம் இரும்பில் உரசி, ஒரு விரற்கடை நீளத்துக்குத் தோல் போய்ச் செம்பு பளபளத்தது. டேப் சுற்றி, மேலே ரப்பர் டியூப் மாட்டி, உரசாத இடத்தில் இழுத்துக் கட்டினார். புது சிவப்பு பீஸ் செருகினார், விளக்கு எரிந்தது. என் ஆய்வேடு அணைந்தது.

பின்னிணைப்பு

பீஸ் நன்றாக இருந்தும் விளக்கு மங்கினால் எர்த்தைப் பாருங்கள். துருப்பிடித்த கொக்கியை நம்பாமல் தனி எர்த்து ஒயர் இழுங்கள்.

முடிவுரை

பின்னால் 155 மீட்டர் தூரத்திலிருந்து சிவப்பு விளக்கு தெரிய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. வைக்கோல் ஏற்றிய பெட்டி இருட்டில் ரோட்டோடு ரோடாகக் கிடக்கும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு என் வண்ணவியல் உதவாது. பொழுது சாயுமுன் ஒரு ஆளை விளக்கைப் போட்டுப் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிவிட்டு, வைக்கோலை ஒதுக்கிப் பின்னால் நின்று பாருங்கள். எரியவில்லை என்றால் விடிந்தபின் கிளம்புங்கள்.