மேஸ்திரி மட்டும் உங்கள் மகள்

பெர்த், ஒன்டாரியோ
சித்திரை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "பனியெல்லாம் போயிடுச்சாமே, இனிமே உனக்கென்னப்பா, கால்மேல கால் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்" என்றீர்கள். கேட்டதும் உங்கள் மகள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

ஒட்டாவாவில் வீடு வாங்க வக்கில்லாமல் 80 கிலோமீட்டர் தள்ளி இந்தக் கிராமத்து வீட்டை வாங்கினோம் அல்லவா, பனி இருக்கிறவரை இதுவும் பார்க்க அழகுதான். ஏப்ரலில் உருகியதும் குடும்ப ரகசியமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். கூரையின் ஷிங்கிள் நாலைந்து பிய்ந்து புல்லில் கிடக்கிறது. தாழ்வாரத்தில் மழைத் தண்ணீர் போகிற தகரம் ஒரு பக்கம் ஆணி கழன்று தொங்குகிறது. பனி தள்ளும் வண்டி எந்த ராத்திரியில் இடித்ததோ, தபால் பெட்டி மல்லாந்து படுத்திருக்கிறது.

வேலிக் கம்பங்கள் கதை வேறு. நட்டபோது இருந்ததைவிட இப்போது உயரமாக நிற்கின்றன. மண்ணிலிருக்கும் ஈரம் உறைந்து உப்பும்போது கம்பத்தைக் கவ்வி மேலே தூக்குகிறது. உருகியதும் அடியில் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். கம்பம் திரும்ப இறங்க இடமிருக்காது. அதனால்தான் இங்கே எதை நட்டாலும் நாலடி ஆழம் தோண்டு என்கிறார்கள். இரண்டாவது அடியிலேயே பாறை. ஜவ்வாது மலையடிவாரத்தில் பிறந்தவனுக்குப் பாறையைக் கண்டு பயமில்லை. ஆனால் நம்மூர்க் கல் போட்ட இடத்தில் கிடக்கும். இங்கே அதே உறைகிற விளையாட்டில் கல்லெல்லாம் வருஷா வருஷம் மண்ணுக்குள்ளிருந்து எழும்பி மேலே வருகிறது. 1816-இல் இங்கே வந்து குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கியே சலித்திருப்பார்கள். விதைக்காமல் கிடைக்கும் விளைச்சல் எனக்கு இது ஒன்றுதான்.

நம் கொல்லையில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. இங்கே கூப்பிடாமலே தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. பேஸ்மென்டில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மோட்டார். தண்ணீர் ஏறினால் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும். நடுராத்திரியில் அது ஓடினால் தூக்கம் போகிறது. ஓடாவிட்டால் உயிரே போகிறது.

செப்டிக் டேங்க் சங்கதிக்கு வருகிறேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பிறகு படியுங்கள். நம்மூரில் கரண்டு கம்பத்தில் எழுதியிருக்கிற நம்பருக்குப் போன் போட்டால் சாயங்காலத்துக்குள் லாரி வந்து நிற்கும். இங்கே மார்ச்சிலும் ஏப்ரலிலும் பனி உருகி ரோட்டின் அடிமண் கொழகொழவென்று ஆகிவிடுவதால், கிராமத்து ரோடுகளில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு. ஓர் அச்சுக்கு 5,000 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்று ஒன்டாரியோவின் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. லாரிக்காரர் மே மாதம் பார்க்கலாம் என்றார். அதற்குள் மூடி எங்கே இருக்கிறது என்று தேடி வைக்கச் சொன்னார். மூடி மண்ணுக்கடியில் இருக்கிறது. வீட்டை விற்றவர் வரைந்து கொடுத்த படத்தில் அடையாளத்துக்கு ஒரு மரம் போட்டிருக்கிறார். அந்த மரத்தை அவரே வெட்டி விறகாக்கிவிட்டார்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் முன்பொரு நாள் எந்த ஊர் என்று கேட்டார். திருப்பத்தூர் என்றால் விளங்காதே என்று, காவலூர் வானாய்வகத்தைச் சொல்லி வைத்தேன். யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது 1977-இல் தெரியவந்தபோது அன்று அதைக் கவனித்த தொலைநோக்கிகளில் எங்கள் மலையில் இருப்பதும் ஒன்று என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். இப்போது நான் கடப்பாரையால் தோட்டமெங்கும் குத்திக்கொண்டிருப்பதை வேலியில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "அந்தத் தொலைநோக்கியைக் கொஞ்சம் வரவழைக்கலாமே" என்றார்.

சரி, தகரத்தையாவது ஆணி அடித்து நிறுத்தலாம் என்று ஏணியை எடுத்துப் போனால், சாத்துகிற இடத்தில், வாசல் விளக்கின் மேல், ராபின் பறவை கூடு கட்டியிருக்கிறது. உள்ளே நீலநிறத்தில் மூன்று முட்டை. கலைக்கக் கூடாது. வலசைப் பறவைகளைக் காக்க 1916-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 1994-ஆம் வருஷச் சட்டமும் இருக்கிறது. ஆகவே வாசல் விளக்கைப் போடாமல் கொல்லைக் கதவு வழியாகப் போய்வருகிறோம். குருவிக் கூட்டைக் கலைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தை சொல்வார்களே, அது இங்கே அரசாங்க உத்தரவு.

ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். கூப்பிட்டேன். கூரைக்காரர் வந்து பார்ப்பதற்கே ஜூன் ஆகுமாம். அவர் சொன்ன தொகையை நீங்கள் ரூபாயாக்கினால், அதற்குத் திருப்பத்தூரில் மனையே வாங்கிவிடலாமே என்பீர்கள், அதனால் எழுதவில்லை. இங்கே கொத்தனார் நான், சித்தாள் நான், தச்சர் நான், பிளம்பரும் நான். மேஸ்திரி மட்டும் உங்கள் மகள்.

அவள் சும்மா இருக்கிறாள் என்று சொல்லவில்லை. இந்த லானார்க் வட்டாரம் மேப்பிள் பாகுக்குப் பேர் போனது. ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற சில வாரங்கள் மட்டும் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்குவார்கள். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பெரியவர் ஒரு வாளி சாறு கொடுத்தார். வெளியே அடுப்பு மூட்டிக் காய்ச்சு என்று சொல்லித்தான் கொடுத்தார். உங்கள் மகள் சமையலறையிலேயே காய்ச்சினாள். ஒரு டம்ளர் தேறியது, மற்றதெல்லாம் ஆவியாகிச் சுவரில் பிசுபிசுக்கிறது. சுவர் கழுவுகிற வேலையும் என் கணக்கில் சேர்ந்திருக்கிறது. நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நம் வீட்டு விஷயம். மலையிலிருந்து இறங்குகிற குரங்குகள் முகட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டிருப்பதாகவும், ஓடு மாற்றுகிறவர் கூலி அதிகம் கேட்பதாகவும் சொன்னீர்கள். ஆடி மழைக்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும் மாமா. ரீப்பரில் கரையான் ஏறியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அடியில் கைமரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன்மேல் காலை வைத்து, ஓர் ஓடு உடையாமல் நடக்கிறவர் அவர். சொன்ன நாளைக்கு வந்தும் நிற்கிறார். பணம் அனுப்பியிருக்கிறேன். பேரம் பேசுவதில் உங்களுக்கு இருக்கிற சாமர்த்தியத்தை இந்த ஒரு தடவை காட்ட வேண்டாம். கேட்டதைக் கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: மலைப் புளி அனுப்புவதாக இருந்தால் கொட்டை எடுத்தே அனுப்பச் சொல்லுங்கள். இங்கே அதற்கும் ஆள் நான்தான்.