அத்தையின் தாயச் சட்டம்

அன்புள்ள அத்தைக்கு,

விடுமுறையில் விளையாடப் போனேன் என்றதும், "கழுதை வயசாச்சு, இன்னும் என்னடா விளையாட்டு?" என்று போனில் அதட்டினீர்கள். அதற்குத்தான் இந்த விளக்கக் கடிதம்.

ஜெர்மனியில் எஸ்ஸன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும்தான் அங்கே பிழைப்பு. கடைசிச் சுரங்கத்தை 1986இல் மூடிவிட்டார்கள். இப்போது அக்டோபர் பிறந்தால் நான்கு நாள் பலகை விளையாட்டுத் திருவிழா. 1983இல் சின்னக் கூட்டமாகத் தொடங்கியது, இன்று இரண்டு லட்சம் பேர் வருகிறார்கள். நரைத்த தலைகளுக்குக் குறைவே இல்லை. காசு வைத்து ஆடுவதும் இல்லை. பெட்டி பெட்டியாக வாங்கி, தள்ளுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

எந்தக் கடையிலும் நாற்காலி காலியானால் உட்காரலாம். எதிரே முன்பின் தெரியாதவர்கள். விதி சொல்லித்தர ஓர் ஆள் வருவார். கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தை முடிப்பதற்குள் பந்தி ஞாபகம் வந்துவிடுமே, அப்படி இருக்கும் அவர் விளக்கம். சந்தேகம் கேட்டால், "அதற்குத்தான் வருகிறேன்" என்பார். வரமாட்டார்.

உங்களுக்கென்றே செய்ததுபோல ஒன்று இருக்கிறது, பெயர் ஹனாபி. சீட்டுகளை மற்றவர்களுக்குத் தெரியும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். அடுத்தவர் கையைத் தாராளமாகப் பார்க்கலாம், நம் கையை நாம் பார்க்கக் கூடாது. நீங்கள் இத்தனை வருஷம் எட்டிப் பார்த்ததெல்லாம் இங்கே சட்டப்படி சரி! 2013இல் ஜெர்மனியின் சிறந்த விளையாட்டு விருதே இதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

அக்ரிகோலா என்ற ஆட்டத்தில் நாம் விவசாயி. அறுவடை முடிந்ததும் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும், முடியாவிட்டால் பிச்சைச் சீட்டு. கூடுதல் அறை கட்டாமல் லேசில் குழந்தை பெற முடியாது. என் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போலந்து அரசு நிறுவனம் ஒன்று 2011இல் வெளியிட்ட கொலெய்கா இன்னும் அருமை. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துக் கடை வாசலில் வரிசையில் நிற்பதுதான் ஆட்டமே. வண்டியில் என்ன சரக்கு வரும் என்று தெரியாது. கைக்குழந்தைக்காரி சீட்டு வைத்திருந்தால் நேரே முன்னால் போய் நிற்கலாம். நம் ரேஷன் கடையில் பழகியவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம்.

பெட்டிதோறும் விளையாட்டை உருவாக்கியவர் பெயர் இருக்கிறது. அதுவும் சும்மா வரவில்லை. 1988இல் விளையாட்டு உருவாக்குகிற 13 பேர் கூடி, பெட்டியில் பெயர் போடாத கம்பெனிக்கு விளையாட்டைத் தரமாட்டோம் என்று பீர் கோப்பை வைக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பல் கட்டும் தொழிலில் இருந்த கிளவுஸ் டாய்பர் 1995இல் கட்டான் விளையாட்டைக் கொண்டுவந்தார், உலகமே அவர் பெயரைப் படித்தது.

ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இருக்கும் பழைய ஆட்டம் நம் ஊர்க்காரன்தான். பச்சிசி இங்கிலாந்தில் லூடோவானது. இங்கே அதே வம்சத்து ஆட்டத்தை ஷ்மிட் என்பவர் 1914இல் பெட்டியில் போட்டு விற்றார். கட்டம் அதே, வெட்டு அதே. ஷ்மிட் பெயர் நிலைத்துவிட்டது. நாம் வீட்டில் ஆடும் தாயத்துக்கு மட்டும் பெட்டியும் இல்லை, உருவாக்கியவர் பெயரும் இல்லை, விதிப் புத்தகமும் இல்லை.

விதியெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது. அதுவும் நீங்கள் தோற்கும்போது மாறுகிறது! மலையில் இருக்கும் காயை வெட்டக் கூடாது என்பீர்கள். உங்கள் காய் பின்னால் வந்ததும், "இது வேற மலை" என்பீர்கள். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சட்டம் முழுவதையும் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு திருத்தம் ஏற்கப்படாது.

இப்படிக்கு,
உங்களிடம் ஒருமுறைகூட ஜெயிக்காத மருமகன்