கடல் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம்

எஹலியகொடையில் குடியிருந்துகொண்டு, "இயற்கையைப் பார்க்கப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் கேட்பவர் சிரிப்பார். முன்கதவைத் திறந்தால் இறப்பர் தோட்டம், பின்கதவைத் திறந்தால் ஓடை, காலைக் கீழே வைத்தால் அட்டை. கொழும்புக்காரர்கள் வான் பிடித்துக் குருவிட்டைப் பக்கம் போபத் எல்ல நீர்வீழ்ச்சிக்கு வந்து, எங்கள் மழையில் ஆசைதீர நனைந்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கோ அட்டை இல்லாத இயற்கை வேண்டும். அது கடற்கரையில்தான் கிடைக்கும் என்பது எங்கள் லயத்தின் ஏகமனதான தீர்மானம். லயம் ஏகமனதாக எடுத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

எந்தக் கடற்கரை என்று கேட்டதும் கட்சி பிரிந்தது. பக்கத்தில் இருப்பது நீர்கொழும்பு, விடியப் புறப்பட்டால் பொழுது சாய வீடு திரும்பலாம் என்றார் சித்தப்பா. அப்பாயி ஒரே வார்த்தையில் மறித்தார்: "கோணேசருக்கு நேர்த்தி இருக்கு." சம்பந்தர் பதிகம் பெற்ற திருகோணமலைத் தலம் அது. ஈழத்தில் பாடல் பெற்ற தலங்களே இரண்டுதான், மற்றது திருக்கேதீச்சரம். அப்பாயியோடு வாதாடலாம், சம்பந்தரோடும் சேர்த்து வாதாட யாரால் முடியும்? மதினிக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. "திருகோணமலைன்னா கடையில தமிழ்லயே வெல பேசலாம்." பேரம் பேசுவதற்காகவே அவ்வளவு தூரம் போக ஆயத்தமான ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது பயணம். இரயிலில் போகலாம் என்று மாமா ஆரம்பித்தார். ஒரு காலத்தில் களனிவெளிப் பாதையின் சின்ன இரயில் எஹலியகொடை வழியாக இரத்தினபுரி தாண்டி ஓபநாயக்க வரை ஓடியது. இப்போது அந்தப் பாதை அவிசாவளையோடு நின்றுவிட்டது. அங்கே ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி இரவு இரயிலைப் பிடிக்க வேண்டும். மூட்டை முடிச்சு, பிள்ளைகள், அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றோடும் கோட்டையில் மேடை மாறுவதை நினைத்ததும் மாமாவே பிரேரணையை வாபஸ் வாங்கினார்.

ஆகவே வான். அவிசாவளை, கேகாலை, குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் என்று சாரதி வாய்ப்பாடு போல ஒப்புவித்தார். ஆனால் ராத்திரியில் ஓட்டமாட்டாராம். ஹபரணைக்கு அப்பால் யானை ரோட்டுக்கு வந்து நிற்கும். "அது நகர்ற வரைக்கும் நாம நிக்கணும், வெயிட்டிங் சார்ஜ் வேற," என்றார். யானையிடம் வசூலிக்க முடியாததால் எங்களிடம்.

கொப்பியில் சாமான் பட்டியல் எழுதினோம். அத்தை முதல் வரியிலேயே "உப்பு ஒரு பக்கெட்" என்று போடச் சொன்னார். அட்டைக்காம். கடலுக்கு உப்புக் கட்டிக்கொண்டு போகும் முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம் என்றேன். "போற எடத்துல என்ன இருக்குமோ, எழுது," என்றார். எழுதினேன்.

பார்க்கும் இடங்களிலும் ஆளுக்கொரு கொள்கை. மச்சானுக்கு நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்க வேண்டும். 2003இல் தேசியப் பூங்காவான இடம். அங்கே சின்னச் சுறாக்கள் நீந்தும், ஒன்றும் செய்யாது என்று விளக்கியதுதான் அவர் கெட்ட காலம். 'சுறா' வரைக்கும் கேட்ட அத்தை மிச்சத்தைக் கேட்கவில்லை. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான்கள் ஆடு மாடு மாதிரி தெருவில் திரியும் என்றதும் பிள்ளைகள் குதித்தார்கள். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் சுடுதண்ணீர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்று சொன்னபோதுதான் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். "வெறகு இல்லாமலா?" நனைந்த விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு அதைவிட அதிசயம் எந்தக் கடலில் இருக்கிறது? சித்தப்பாவின் கவலை மீன். கோணேசரைக் கும்பிட்டு முடிக்கும்வரை மச்சம் கூடாது என்று அப்பாயி சொன்னதால், கோயிலை முதலாவது இடமாக்கும்படி அவரே முன்மொழிந்தார். பக்தி எந்த வழியிலும் வரும்.

எல்லாம் சரி, எப்போது போவது? சிக்கல் இங்கேதான். தீபாவளிக்கு முற்பணம் கிடைக்கும். கையில் நாலு காசு புரளும். ஆனால் அதை ஒட்டித்தான் கிழக்கே மழை பிடிக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுப் படகு கரையில் கிடக்கும். பெப்ரவரி, மார்ச்சில் அங்கே வானம் வெளுக்கும். இங்கே இறப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் வற்றும். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் குளம் போலக் கிடக்கும். அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை எங்கள் தலையில் கொட்டும். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைய வேலைக்கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. நடுவில் நிற்கும் மலைகள் மழையை இந்தப் பக்கமே வாங்கிக்கொண்டு, வெறும் காற்றை அந்தப் பக்கம் அனுப்புகின்றன. அவர்களுக்கு வெயில் அடிப்பதற்கான செலவை நாங்கள் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது மதினி. தை மாதமே லயத்தில் சீட்டுத் தொடங்கிவிட வேண்டும், ஆடியில் சீட்டு எங்களுக்கு விழ வேண்டும், எப்படியும் வேலை இல்லாத மழை நாளில் வானில் ஏறிவிட வேண்டும். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். சப்ரகமுவையிலிருந்து திருகோணமலைக்குப் போக நினைப்பவர்கள் கையில் காசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மழைக்கு முன்பே காசைச் சேருங்கள், இங்கே மழை பிடித்ததும் புறப்படுங்கள். உப்பு மட்டும் வேண்டாம்.