சாவி யார் இடுப்பில்?

கேள்வி: ரோட்டாவேட்டரில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தாமலே இழுத்துப் போட்டுவிடுவேன். டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். சரிதானே?
– குமராட்சி வாசகர்

பதில்: டீசல் மிச்சம், நேரம் மிச்சம்; கை மிச்சமாகுமா? டிராக்டரிலிருந்து ரோட்டாவேட்டருக்கு விசை கொடுக்கும் பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ அதில் பட்டால், ‘ஐயோ’ என்று வாய் திறப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்குங்கள். என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்து இடுப்பில் செருகுங்கள். கத்திகள் அசையாமல் நின்றபிறகு கை வையுங்கள். ஷாப்ட்டின் கவர் உடைந்திருந்தால், அதை மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள்.

கேள்வி: என் மகனை மாமனார் மட்கார்டில் உட்காரவைத்து வயலுக்குக் கூட்டிப்போகிறார். வேண்டாம் என்றால், “நாங்க எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்” என்கிறார்.
– காட்டுமன்னார்கோவில் வாசகி

பதில்: அப்படி வளர முடியாமல் போன பிள்ளைகள் வந்து பேச முடியாதே, அம்மா! டிராக்டரில் சீட் ஒன்றுதான், அது ஓட்டுபவருக்கு. வரப்பில் ஒரு குலுக்கல் போதும். விழுகிற பிள்ளை மேல் முதலில் பெரிய டயர் ஏறும், அடுத்து ரோட்டாவேட்டர் ஏறும். மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வேலை முடிந்து வீட்டு வாசலில் வண்டி நின்றதும், சாவியை எடுத்துவிட்டு, பேரனை டிரைவர் சீட்டிலேயே உட்கார வையுங்கள். மட்கார்டைவிடப் பெரிய பதவி. பேரனும் மறுக்கமாட்டான்.

கேள்வி: வீராணம் ஏரித் தண்ணீர் வந்து சேறடிக்கும்போது டிராக்டர் புதைந்தால், பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுவோம். ஆபத்தா?
– லால்பேட்டை வாசகர்

பதில்: உயிருக்கே ஆபத்து. கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் சுற்றாது; வண்டிதான் அச்சைச் சுற்றும். முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேல் மல்லாக்கக் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு டிராக்டரை வரவழைத்து, தாழ்வான கொக்கியில் கட்டி மெதுவாக இழுங்கள். கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புது டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. வண்டி வாங்கும்போது சட்டகத்தையும் சீட் பெல்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கரும்பு லோடோடு ராத்திரியில் ஆலைக்குப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: காலடியையும் முதுகுப்புறத்தையும். டிராக்டருக்கு இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக். வயலில் திரும்ப அது வசதி. ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபக்கமாக இழுத்துக் கவிழ்ந்துவிடும். வயலைவிட்டு ஏறும்போதே இரண்டு பெடலையும் இணைத்துப் பூட்டுங்கள். டிரெய்லரின் பின்விளக்கையும் சிவப்பு ஸ்டிக்கரையும் கரும்புத் தோகை மறைத்தால், பின்னால் பைக்கில் வருகிறவர் இருட்டில் வந்து மோதுவார். சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறவே கூடாது.

கேள்வி: உளுந்து அடிக்கும் மெஷினுக்கெல்லாம் சட்டம் உண்டா?
– புவனகிரி வாசகர்

பதில்: உண்டு. கதிரடிக்கும் மெஷினில் கை இழந்தவர்கள் பெருகியதால், 1983-ல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கதிரைத் தள்ளும் தகரத் தட்டு நீளமாகவும், உள்பக்கம் மூடியும் இருக்க வேண்டும். தட்டு குட்டையாக இருந்தால் அந்த மெஷினைத் திருப்பி அனுப்புங்கள். தூக்கக் கலக்கத்திலோ குடித்துவிட்டோ யாரும் அதன் முன் நிற்கக் கூடாது.

கேள்வி: இத்தனை கவனத்தையும் மீறி விரல் துண்டாகிவிட்டால்?
– சிதம்பரம் வாசகி

பதில்: மெஷினை நிறுத்தி 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. உங்கள் ஊரை ஒட்டிய அண்ணாமலை நகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தாமதிக்காமல் போய்ச் சேருங்கள்.

தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். நம் வயலுக்கு நாம்தான். வீட்டில் ஒருவரை இன்றே அந்தப் பொறுப்பில் வையுங்கள். அவர் ‘நிறுத்து’ என்றால், வயதில் மூத்தவரும் நிறுத்தியே ஆக வேண்டும்.