டைகருக்கு இரவில என்ன வழக்கு?

தம்பி, இரவு ரெண்டு மணிக்கு உம்மட வீட்டுக் கடுவன் போடுற கூப்பாடு மேல ரெண்டு மாடி, கீழ ரெண்டு மாடி எல்லாத்துக்கும் கேட்குது. லிப்டுக்குள்ள இப்ப ஆரும் தேங்காய் விலை கதைக்கிறேல்லை, டைகர் கதைதான். அஞ்சாம் மாடி அக்கா சொல்லுறா, கடலில தாண்ட ஆவி ஒண்டு மெரைன் டிரைவ் பக்கத்தால ஏறி வந்து நிக்குதாம், பூனைக்கு மட்டும் தெரியுதாம். செக்கியூரிட்டிக்காரர் சொல்லுறார், உந்தக் கட்டடத்தில ஆருக்கோ நாள் நெருங்கிட்டுதாம். சொல்லிப்போட்டு என்னைத்தான் பாக்கிறார். நீர் கொம்பியூட்டர் படிச்ச ஆள், காதுக்குள்ள பஞ்சை அடைஞ்சுகொண்டு படுக்கிறீராம். மூண்டு வைத்தியத்திலயும் உம்மடதுதான் மலிவு, அதை நான் மறுக்கேல்லை.

டைகருக்கு 15 வயசு எண்டு சொன்னனீர். மிருக வைத்தியர்மாற்ற கணக்கில அது மனிசனுக்கு 76. எனக்கு 78. அப்ப அவன் எனக்கு ஒரு இளைய சகோதரம். இரவில எழும்பி உலாத்திறது, குசினிக்குள்ள போய் நிண்டு ஏன் வந்தனான் எண்டு யோசிக்கிறது, சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது எல்லாம் நானும் செய்யிறன். நான் செய்தா என்ர மோன் உடன டொக்டரிட்ட நம்பர் எடுக்கிறான். டைகர் செய்தா உவனுக்குக் கொழுப்பு எண்டு நீர் செருப்பை எடுக்கிறீர்.

ஒரு விசயம் கேளும். வளந்த பூனையள் தங்களுக்குள்ள மியாவ் எண்டு கதைக்கிறது குறைவு. குட்டி தாயைக் கூப்பிடும். வளந்த பிறகு மற்றப் பூனையோட சண்டைச் சத்தம், சோடி தேடுற சத்தம், அவ்வளவுதான். மியாவ் எண்டுறதைப் பெரும்பாலும் மனிசருக்கெண்டுதான் வைச்சிருக்குதுகள். ஆனபடியால் ரெண்டு மணிக்கு அவன் கூப்பிடுறது ஆவியை இல்லை, உம்மைத்தான். நீர் பஞ்சோட படுத்திருக்கிறீர்.

என்னத்துக்குக் கூப்பிடுறான்? அதைத்தான் பாக்கோணும். போன கிழமை படியில கண்டு, “சாப்பாடு எப்பிடி?” எண்டு கேட்டனான். “முந்தியைவிட ரெண்டு மடங்கு ஐயா, சூடை மீனை முள்ளோட முடிக்கிறான்” எண்டு, பிள்ளை சோதினையில பாஸ் பண்ணின தகப்பன் கணக்கில நெஞ்சை நிமித்தினீர். தம்பி, அவன்ர முதுகெலும்பை எண்ணலாம்! தின்னத் தின்ன மெலியிற பூனையைப் பாத்துப் பெருமைப்படக்கூடாது. கழுத்துக்குள்ள இருக்கிற தைரொயிட் சுரப்பி கட்டுக்கடங்காமல் சுரந்தா உப்பிடித்தான். பசி கூடும், உடம்பு வத்தும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, கத்தும். 10 வயசு தாண்டினதுகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். பூனைக்கு உப்பிடி ஒரு வருத்தம் இருக்குதெண்டு வைத்தியர்மார் 1979 இலதான் எழுதி வைச்சவை, அதால உமக்குத் தெரியாததில குற்றமில்லை. ஒரு இரத்தச் சோதினையில பிடிபடும், குளிசையில அடங்கும்.

“ஐயா, இது ஊர்ப் பூனை, ஒரு வருத்தமும் வராது” எண்டீர். ஊர்ப் பூனையை லேசா நினையாதையும். 83 ஆடிக் கலவரத்தில உந்தக் காலி வீதியில கடையள் எரிய, உடுத்த துணியோட கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன சனம் நாங்கள். அடுத்த வருசம், 1984 இல, பாவ்லோ பெல்லெகட்டா எண்ட இத்தாலி மிருக வைத்தியர் ஒருத்தர் வந்து, எங்கட ஊர்ப் பூனையளில மயங்கி, கையோட கொண்டுபோய் ‘சிலோன்’ எண்டு ஒரு சாதியே உண்டாக்கிப் போட்டார். எங்கட சனம் ஏஜென்சிக்குக் காசு கட்டி அலைஞ்ச காலத்தில பூனைக்கு ஐரோப்பா வீடு தேடி வந்தது. சரி, அது கிடக்கட்டும். எந்தச் சாதியெண்டாலும் கிழடானா வருத்தம் ஒண்டுதான்.

பிரஷர் கதையைச் சொல்லாமல் விடேலாது. கொட்டாஞ்சேனையில, ஜம்பட்டா வீதிப் பக்கம், என்ர பெறாமகள் வீட்டில ஒரு கிழட்டுப் பெட்டைப் பூனை. அதுவும் இரவிரவாக் கத்தினது. அவை கண்ணூறு கழிச்சினம், கோயிலில நூல் வாங்கிக் கட்டிச்சினம். ஒருநாள் விடிய அது நேர நடந்து போய்க் கதிரைக் காலில முட்டுப்பட்டுது. பாத்தா ரெண்டு கண்ணும் முழுக்கக் கறுப்பு, கருமணி சுருங்குதே இல்லை. இரத்த அழுத்தம் ஏறிக் கண்ணுக்குப் பின்னால இருக்கிற திரை கழண்டு போச்சு. கழுத்தில நூல் கட்டின நேரம் காலில பிரஷர் பட்டியைக் கட்டியிருந்தா கண் மிஞ்சியிருக்கும். பூனைக்கும் பிரஷர் பாக்கலாம் தம்பி, சின்னப் பட்டியொண்டை முன்னங்காலிலயோ வாலிலயோ சுத்துவினம். 160 ஐத் தாண்டினா வைத்தியம் வேணும், 180 எண்டா அவசரம். சிறுநீரகம் பழுதானாலும் தைரொயிட் கூடினாலும் பிரஷர் ஏறும். அந்த ரெண்டுக்கும் குறி பாக்க, டைகர் தண்ணிக் கோப்பையை அடிக்கடி காலியாக்கிறானோ எண்டு ஒருக்காப் பாரும்.

பூனையின்ர பிரஷருக்குக் குடுக்கிற குளிசை என்ன தெரியுமோ? அம்லோடிபின். நான் காலமை விழுங்கிற அதே சாமான். அதுக்காக என்ர குளிசைப் பெட்டிக்குள்ள கை விடாதையும், அளவு வேற. அதோட, நோவெண்டு நினைச்சுப் பனடோல் மட்டும் குடுத்துப் போடாதையும். எங்கட சனத்துக்கு உலகத்தில உள்ள எல்லா வருத்தத்துக்கும் பனடோல்தான். பூனையின்ர ஈரல் அதை முறிக்காது. ஒரு குளிசையே அவனை முடிச்சுப்போடும், பிறகு செக்கியூரிட்டிக்காரர் சொன்னது பலிச்சதாப் போயிடும்.

காதையும் சோதிச்சுப் பாரும். கடற்கரை ரெயில் கூவினா முந்தி அவன் ரெண்டு காதையும் திருப்புவான், நான் பல்கனியில இருந்து பாத்திருக்கிறன். இப்ப ரெயில் போனாலும் ஒண்டுதான், போகாட்டிலும் ஒண்டுதான். செவிடான பூனைக்குத் தன்ர சத்தமே கேக்காது, பிறகு எப்பிடிக் குறைச்சுக் கத்தும்? என்ர மனுசி டீவியை வைக்கிற சத்தத்துக்கும் உதுதான் காரணம், ஆனா அவவுக்கு ஆரும் பஞ்சு வைக்கேல்லை. இங்கிலாந்தில பிளொசி எண்டு ஒரு பூனை, 2022 இல உயிரோட இருக்கிறதுகளுக்குள்ள வயசு கூடினது எண்டு கின்னஸில ஏறினது. கிட்டத்தட்ட 27 வயசு, காது கேளாது, கண்ணும் மங்கல். டைகருக்கு இன்னும் கனகாலம் இருக்கலாம், உமக்குத்தான் நித்திரை இருக்காது.

புத்தி தடுமாறுறதும் உண்டு. 11 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பூனையளில 28 வீதம் அளவிலயும், 15 தாண்டினதுகளில பாதியிலயும் அதின்ர குறி ஏதாவது ஒண்டு தெரியுமாம். பாதை மறக்கும், மணல் தட்டை மறக்கும், சாப்பிட்டதை மறந்து திரும்பக் கேக்கும், இருட்டில தனிச்சுப் போனன் எண்டு கூப்பிடும். 2025 இல எடின்பரோ பல்கலைக்கழகத்தார் செத்துப்போன 25 பூனையளின்ர மூளையைச் சோதிச்சு, அல்சைமர் வந்த மனிசற்ற மூளையில படியிற அதே அமிலோயிட் அதுகளின்ர நரம்புச் சந்தியளிலயும் படிஞ்சு கிடக்கிறதைக் கண்டவை. ஆனா உதைக் கடைசியாத்தான் நினைக்கோணும். மற்ற எல்லாத்தையும் சோதிச்சு இல்லையெண்ட பிறகுதான் மறதி எண்டு சொல்லலாம். எங்கட வீடுகளிலதான் முதலே ‘ஆளுக்கு அறளை பேந்திட்டுது’ எண்டு முடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறது.

மூட்டு நோவும் இருக்கும். 12 வயசு தாண்டின 100 பூனையளின்ர எக்ஸ்ரேயைப் பாத்து, 90 இல மூட்டுத் தேய்வு கண்டிருக்கினம். கட்டிலில பாயேலாமல் கீழ நிண்டு கத்தினா அதை அதிகாரம் எண்டு நினையாதையும்.

ரெண்டு விசயத்தில மட்டும் பகிடி இல்லை. மணல் தட்டில ஏறி ஏறி முக்கிக்கொண்டு கத்தி, சலம் வரேல்லை எண்டா, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதையும். கடுவனுக்குச் சலக்குழாய் அடைச்சா ஒண்டு ரெண்டு நாளில ஆள் போயிடும். மற்றது விசர். எங்கட நாட்டில அது இன்னும் ஒழியேல்லை. எந்தப் பூனைக்காவது திடீரெண்டு குரல் கரகரத்து, வாயால வீணி வடிஞ்சு, பாய்ஞ்சு கடிக்க வந்தா, தொண்டையில முள்ளோ எண்டு வாய்க்குள்ள விரலை விடாதையும். கடிச்சா 15 நிமிசம் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்கு ஓடும். மாசக் கணக்காக் கத்துற டைகருக்கு அது இல்லை, விசர் பிடிச்சது நாள் கணக்கில செத்துப்போம். எண்டாலும் ஊசி போட்ட அட்டையைத் தேடி எடும். கிடைக்காது எண்டு எனக்குத் தெரியும்.

இப்ப என்ன செய்யிறது? நடையில ஒரு சின்ன லைற்றை இரவில எரிய விடும். மணல் தட்டு விளிம்பு பதிஞ்சதா இருக்கட்டும். படுக்க முந்திக் கொஞ்சம் சாப்பாடு வையும். உம்மட வீட்டம்மா வெள்ளிக்கு வெள்ளி சோபாவை இடம் மாத்திறதை நிப்பாட்டச் சொல்லும், இதைச் சொல்லுறது உம்மட பொறுப்பு, நான் வரமாட்டன். இண்டைக்கு இரவு பஞ்சை எடுத்துப்போட்டு, அவன் கத்துறதைப் போனில வீடியோ பிடியும். எந்த நேரம், எந்த மூலையில, தின்ன முந்தியோ பிந்தியோ எண்டு தெரியிற மாதிரி. மிருக வைத்தியரிட்டப் போனா டைகர் வாயே திறக்கமாட்டான், எங்கட சனம் டொக்டருக்கு முன்னால ‘இப்ப சுகம்’ எண்டு சொல்லுற அதே குணம்.

நாளைக்குக் காலமை கொண்டுபோம். ஆட்டோவில எனக்கும் ஒரு இடம் விடும், கூடையை நான் மடியில வைச்சிருக்கிறன். என்ர அம்லோடிபினும் முடிஞ்சுபோச்சு, பார்மசி போற வழியிலதான்.