பாப்பா கவிழ்த்த விண்கலம்

அப்போலோ விண்கலம் நிலாவுக்குக் கிளம்பும் முன்பே அமெரிக்காவில் பலமுறை கவிழ்ந்திருக்கிறது. பதற வேண்டாம், எல்லாம் சிமுலேட்டரில். கலத்தின் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கம்பியும் காந்த வளையமுமாகப் பெண்கள் கையால் பின்னிய காலம் அது. வளையத்துக்குள் நுழைந்த கம்பி 1. வெளியே போனது 0. பின்னி முடித்தபின் பிழை தெரிந்தால் தீர்ந்தது கதை. அதனால் பிழைகளையெல்லாம் பொய்க் கலத்திலேயே செய்து தொலைத்துவிடுவது என்று முடிவு.

எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் அந்த மென்பொருளை எழுதியவர்களில் மார்கரெட் ஹாமில்டன் முக்கியமானவர். ராத்திரி வேலைக்குச் சின்ன மகளையும் கூட்டி வருவார். பாப்பா சிமுலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடியதில், கலம் 'பறந்துகொண்டிருக்கும்போது' பி01 புரோகிராம் ஓட ஆரம்பித்தது. அது ஏவுதளத்தில், புறப்படுவதற்கு முன் ஓட வேண்டிய சமாசாரம். சிமுலேட்டர் படுத்துவிட்டது.

இதைத் தடுக்க ஒரு சோதனையைச் சேர்க்கலாமா என்றார் ஹாமில்டன். பயிற்சி பெற்ற வீரர்கள் இப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்றது மேலிடம். 'பறக்கும்போது பி01 வேண்டாம்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்ததோடு சரி.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், ஜிம் லவல் என்ற பயிற்சி பெற்ற வீரர் நட்சத்திர எண் 01-ஐத் தட்டப்போய் புரோகிராம் 01-ஐத் தட்டினார். தான் இன்னும் ஏவுதளத்தில்தான் நிற்கிறோம் என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டது! பாவம் மனிதர், நட்சத்திரங்களைத் தேடிப்பிடித்துத் திசையைச் சரிசெய்தார். அப்புறம்தான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது.

அடுத்த ஆண்டு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் சுதாரித்துக்கொண்டது. அப்போலோ 11 ஏவப்படுவதற்குச் சில நாட்கள் முன் நடந்த ஒத்திகையில், பயிற்சி நடத்துபவர்கள் வேண்டுமென்றே 1201 என்ற கம்ப்யூட்டர் எச்சரிக்கையைக் கிளப்பினார்கள். அதைக் கவனிக்க வேண்டிய இளைஞர் ஸ்டீவ் பேல்ஸ் வெலவெலத்துப்போய், நிலாவில் இறங்குவதையே ரத்து செய்யச் சொல்லிவிட்டார். தேவையே இல்லை என்று பிறகு மண்டகப்படி நடந்தது. உடனே கம்ப்யூட்டர் நிபுணர் ஜாக் கார்மன் உட்கார்ந்து, எந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று கையால் பட்டியல் எழுதினார். ஜூலை 20 அன்று நிஜமாகவே 1202 வந்தபோது, அந்தப் பட்டியல் தயாராக இருந்தது. 'போகலாம்' என்றார்கள்; கலம் இறங்கியது.

ஆகவே மேலதிகாரிகளே, சோதனையில் ஒருவர் எதையாவது கவிழ்த்தால் முறைக்காதீர்கள். அவர் இலவசமாகக் கவிழ்த்துத் தருகிறார். நிலாவுக்குப் பக்கத்தில் அதன் விலை வேறு.