ரெண்டு நாள் பாக்கி

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குப்பா" என்று மாமா ஆரம்பித்தால், மண்டகப்பட்டு டீக்கடையில் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. நான் எழ முடியாது. சொந்தமாகப் போய்விட்டது.

கணக்கு இதுதான். 2020 டிசம்பர் 3 அன்று ரஜினிகாந்த், ஜனவரியில் கட்சி, அதற்கான அறிவிப்பு டிசம்பர் 31 என்று சொன்னார். கிறிஸ்துமஸ் அன்று ரத்த அழுத்தம் ஏறி இறங்கி, ஐதராபாத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 29-ஆம் தேதி மூன்று பக்கத்தில் ஓர் அறிக்கை வந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை, கட்சி தொடங்கவில்லை, மன்னித்துவிடுங்கள். ஊரில் சிலர் "அடப்பாவமே" என்றார்கள், சிலர் "அப்பாடா" என்றார்கள், எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். மாமா மட்டும் தேதியைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணுன்னு சொன்ன மனுஷன் இருபத்தொம்போதுலயே ஏன் சொல்றாரு? ரெண்டு நாளக் கையில வெச்சிக்கினாரு. கடனை முழுசா அடைச்சிட்டா அந்தக் கடைப் பக்கம் போற வேலை இல்ல. பாக்கி வெச்சா? திரும்பி வந்துதான ஆவணும்?"

அறிக்கையைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து, மூன்று பக்கத்தையும் லேமினேஷன் போட்டு, டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் டேங்க் கவரில் சொருகி வைத்திருக்கிறார். ஆர்சி புத்தகம் எங்கே என்று கேட்டால் தெரியாது. அறிக்கையின் இரண்டாம் பக்கம் எங்கே முடிகிறது என்பது தெரியும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் விட்ட இடைவெளிக்குக்கூட அவரிடம் பொழிப்புரை உண்டு. எங்கள் தமிழாசிரியர் திருக்குறளுக்கு இவ்வளவு சிரமப்பட்டதில்லை.

2021 ஜனவரியில் வள்ளுவர் கோட்டத்தில் ரசிகர்கள் கூடி, முடிவை மாற்றச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்தபோது மாமா போகவில்லை. "பாக்கி இருக்கும்போது எதுக்குப்பா போராட்டம்?" ஜூலை 12-ஆம் தேதி ரஜினியே தன் ரஜினி மக்கள் மன்றத்தைக் கலைத்தார். இத்தோடு தெளிந்துவிடுவார் என்று அத்தை நம்பினார். "பழைய ஊட்ட இடிச்சாத்தான புது ஊடு கட்ட முடியும்" என்றார் மாமா. 2022 ஆகஸ்டில் ரஜினி ஆளுநரைப் பார்த்துவிட்டு வந்து, அரசியலும் பேசினோம், என்ன பேசினோம் என்று சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு மாமா டீக்கடையில் எட்டுப் பேருக்குத் தன் செலவில் டீ சொன்னார். மறுபடி அரசியலுக்கு வரும் எண்ணம் இல்லை என்று அதே வாயால் அவர் சொன்னது மாமாவின் காதில் விழவில்லை.

2024 ஜூலையில் அமெரிக்காவில் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். வயது, உடல்நிலை, கட்சிக்காரர்களின் நெருக்கடி. அங்கேயும் யாரோ ஒரு மாமா லேமினேஷன் கடையைத் தேடிப் போயிருப்பார் என்று பேச்சுக்குச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு கட்சிக்காரங்க சொல்லி விலகினாரு. நம்ம ஆளு கட்சியே இல்லாம விலகினாரு. யாரு பெருசு, சொல்லு?" இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

அதே வருஷம் அக்டோபரில், பக்கத்து விக்கிரவாண்டி வி.சாலையில் விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை நடத்தினார். மாமா எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி வந்தார். எப்படி என்று கேட்டேன். "கூட்டம் பரவால்ல. துண்டு போட்டு வெச்சிருக்காப்ல." யாருக்கு இடம் பிடிக்க என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடிந்திருக்கும்.

எங்கள் ஊர்க் குகைக்கோயிலைப் பற்றித் தெரிந்திருக்கும். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கட்டியது என்று மகேந்திரவர்மன் கல்வெட்டே வைத்திருக்கிறான். மாமா அவனையும் மிஞ்சியவர். கொடி இல்லாமல், பேர் இல்லாமல், தலைவரும் இல்லாமல் ஒரு கட்சியை நடத்திக்கொண்டிருக்கிறார். குகையில் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் குடைந்த மூன்று அறைகளும் இன்றைக்குக் காலி. வாசலில் துவாரபாலகர்கள் மட்டும் நிற்கிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், உள்ளே சாமி இல்லையா என்று கேட்டிருக்கிறார். மாமா சொன்னாராம்: "காவல் நிக்குது பாருங்க. அப்ப வருவாரு."

சிரிக்கலாம். ஆனால் 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குச்சாவடியில் நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கொரோனா காலம், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்திருந்தார்கள். கையுறையோடு மறைப்புக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. பீப் சத்தமும் இல்லை. "அமுக்குங்க பெரியவரே" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். கடைசியில் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், "எல்லாச் சின்னத்தையும் தேடினேன், நம்மளது இல்ல. நோட்டாவ அமுக்கிட்டேன்" என்றார். அதே வருஷம் அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதற்கு வரவே இல்லை. சின்னத் தேர்தலாம். கிராம சபைக்கு வந்ததில்லை, மனு என்று ஒரு வரி எழுதியதில்லை. தெருவில் தண்ணீர் வராத அன்று மட்டும் முதல் ஆளாக வாசலில் நின்று, "தலைவர் வந்திருந்தா இப்படி ஆவுமா?" என்பார். அந்தத் தண்ணீருக்காக நான் நாலு தடவை அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். துணைக்கு வாங்க மாமா என்றால், அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுக்கிறார். சொன்னவர் மறைக்காமல் காரணம் சொல்லிவிட்டுப் படம் நடிக்கப் போய்விட்டார், படமும் ஓடுகிறது. இங்கே குடத்தோடு நிற்பது அத்தை.

ஆட்டோவைச் சொல்ல மறந்துவிட்டேன். 2020 டிசம்பர் நடுவில், ரஜினி கட்சிக்கு ஆட்டோ சின்னம் கிடைத்துவிட்டது என்று ஒரு செய்தி பரவியது. அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை பொறுங்கள் என்று மன்றத்தில் கேட்டுக்கொண்டார்கள். மாமாவா பொறுப்பார்? அன்று சாயங்காலமே ஆள் பிடித்து, ரோட்டைப் பார்த்த வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு மஞ்சள் ஆட்டோ வரைந்துவிட்டார். கட்சிப் பேர் எழுத மேலே இடம் விட்டார். அந்த இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆட்டோ மட்டும் நிற்பதால், வழியில் போகிறவர்கள் ஸ்டாண்டு என்றே நினைக்கிறார்கள். நடு ராத்திரியில் கதவைத் தட்டி, "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வண்டி வருமா?" என்கிறார்கள். ஆட்டோ இல்லை, அது சின்னம் என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. எக்ஸெல்லை எடுக்கிறார். காசு வாங்குவதில்லை.

போன மாசிமகத்துக்கு மறுநாள் என் அம்மாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் தலைசுற்றல். நானும் போய் அந்தச் சுவருக்குப் பக்கத்துக் கதவைத்தான் தட்டினேன். லுங்கியோடு வந்தார். அம்மாவை நடுவில் உட்காரவைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தொடங்கிவிட்டார்.

"அக்கா, முப்பத்தொண்ணுன்னு சொன்ன மனுஷன் இருபத்தொம்போதுலயே ஏன் சொல்றாரு, யோசிச்சுப் பாரு…"

அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள், "அப்ப எப்பத்தான் தம்பி வராரு?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் இதை உண்மையாகவே கேட்ட முதல் ஆள். வண்டியை ஓரம் கட்டிவிட்டார். டேங்க் கவரைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, முதல்ல ஆஸ்பத்திரி" என்றேன்.